டிசிபிசெர்: அழைப்பை முடிக்கத் தெரிந்த மோடம்

தொலைபேசிக் கம்பியும் மோடமும் இருக்கும் என்ற நம்பிக்கையில் எழுதப்பட்ட ஒரு மென்பொருளை, அவை இரண்டுமே இல்லாத வீட்டில் ஓடவிட வேண்டும் என்று ஆசைப்பட்டபோதுதான் டிசிபிசெர் என்ற சிறு நிரலைத் தெரிந்துகொண்டேன். எட்டு மாதங்களாக அது என் மேசையில் இரவும் பகலும் வேலை செய்துவருகிறது. ஒரு பக்கம், 486 கணினியில், எம்எஸ்-டாஸ் 6.22இன் மேல், ரிமோட் ஆக்சஸ் என்ற பிபிஎஸ் மென்பொருள் அழைப்புக்காகக் காத்திருக்கிறது. மறுபக்கம் ராஸ்பெரி பை என்ற சிறு கணினி இணையத்தோடு இணைந்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒன்றரை மீட்டர் நீளமுள்ள சீரியல் கேபிள். ராஸ்பெரி பையில் இயங்கும் டிசிபிசெர், 486இன் பார்வைக்கு, ‘ஏடி’ என்று தொடங்கும் கட்டளைகளுக்குப் பணியும் ஹேய்ஸ் வகை மோடமாகவே தெரிகிறது. அதே வேலையைச் செய்யும் வேறு சில வழிகளையும் முயன்று பார்த்த பிறகே இந்த மதிப்புரையை எழுதுகிறேன்.

பிபிஎஸ் எனப்படும் புல்லட்டின் போர்டைப் பழகியிராதவர்களுக்காக ஓரிரு வரிகள். வீட்டுக் கணினி ஒன்றைத் தொலைபேசி இணைப்போடு சேர்த்துவைத்து, வெளியிலிருந்து ஒருவர் தம் மோடத்தின் வழியே அழைத்துச் செய்தி எழுதவும், பிறர் எழுதியதைப் படிக்கவும், கோப்புகளை இறக்கிக்கொள்ளவும் இடம் தருவது அது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் வார்ட் கிறிஸ்டென்சனும் ராண்டி சூஸும் 1978 பிப்ரவரி 16 அன்று இயக்கத்துக்குக் கொண்டுவந்த சிபிபிஎஸ் இவற்றில் முதலாவது. பிசிபோர்டு, வைல்ட்கேட், ரெனிகேட், மேக்ஸிமஸ் என்று பிறகு வந்தவை பல. ஆஸ்திரேலியாவில் ஆண்ட்ரூ மில்னர் எழுதிய ரிமோட் ஆக்சஸை நான் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அதன் அமைப்புத் திரைகளில் மோடம் தொடர்பான ஒவ்வொரு சொல்லையும் நாமே மாற்றிக்கொள்ள முடிகிறது என்பதே. இப்படிப்பட்ட ஒட்டுவேலைக்கு அந்த வசதி மிகவும் தேவை.

இந்த மென்பொருள்களுக்கு இணையம் தெரியாது. அவற்றுக்குத் தெரிந்ததெல்லாம் சீரியல் போர்ட்டின் மறுமுனையில் ஒரு மோடம் இருக்கிறது என்பதும், அந்த மோடம் ‘ரிங்’ என்று எழுத்தில் சொன்னால் அழைப்பு வருகிறது என்பதும்தான். ரிமோட் ஆக்சஸ் சீரியல் போர்ட்டை நேராகத் தொடுவதுகூட இல்லை. ஃபாசில் என்ற இடைநிலை இயக்கியைக் கேட்டே அது எழுத்துகளை வாங்குகிறது, அனுப்புகிறது. ஃபிடோ, ஓபஸ், சீடாக் என்ற மூன்று நிரல்களின் முதலெழுத்துகளை உள்ளடக்கிய பெயர் அது. ரே க்வின் எழுதிய எக்ஸ்00, டேவிட் நியூஜென்ட் எழுதிய பிஎன்யு ஆகிய இரண்டும் பெயர் பெற்ற ஃபாசில் இயக்கிகள். நான் பிஎன்யுவைப் பயன்படுத்துகிறேன். ஆக, பழைய மென்பொருளில் ஒரு பைட்டையும் மாற்றாமல் அதை இணையத்துக்குக் கொண்டுவர வேண்டுமானால், மோடம் இருந்த இடத்தில் மோடம்போலவே நடந்துகொள்ளும் வேறொன்றை வைக்க வேண்டும். ஜிம் பிரெய்ன் எழுதிய டிசிபிசெர் அந்த இடத்தை நிரப்புகிறது. இலவச நிரல், மூலநிரல் திறந்தே கிடக்கிறது.

மோடம்போல நடிப்பது எளிது என்றுதான் முதலில் நினைத்தேன். ‘ஏடி’ என்று வந்தால் ‘ஓகே’ என்று பதில் சொல்லவும், அழைப்பு வந்தால் ‘ரிங்’ என்று அனுப்பவும், இணைப்பு அமைந்ததும் ‘கனெக்ட் 38400’ என்று அறிவிக்கவும் யாராலும் ஒரு மாலைப் பொழுதில் நிரல் எழுதிவிட முடியும். ஆனால் தொலைபேசி இணைப்பில் அழைப்பு தொடங்குவதைவிட அது முடிவதே நுட்பமான காரியம். அழைத்தவர் சொல்லிக்கொள்ளாமல் தொலைபேசியை வைத்துவிடலாம், மின்சாரம் போகலாம், கம்பி அறுந்துவிடலாம். இவற்றில் எது நடந்தாலும் உண்மையான மோடம், எதிர்முனை மோடம் ஓயாமல் அனுப்பும் கேரியர் ஒலி நின்றுபோனதை உணர்ந்து, டிசிடி என்ற கம்பியிலுள்ள மின்னழுத்தத்தை இறக்கிவிடும். பிபிஎஸ் மென்பொருளுக்கு எதிரில் ஆள் இருக்கிறாரா இல்லையா என்று தெரிவிக்கும் ஒரே நம்பகமான சாட்சி அந்த ஒற்றைக் கம்பிதான். ஆகவே இந்த வகைக் கருவி எதையும் எடைபோடும்போது, அது அழைப்பை எவ்வாறு எடுக்கிறது என்பதைவிட எவ்வாறு முடிக்கிறது என்பதையே நான் முதலில் பார்க்கிறேன்.

நிறுவும் வேலை அதிக நேரம் பிடிக்கவில்லை. மூலநிரலை இறக்கி, ‘மேக்’ கட்டளையைக் கொடுத்தால் ஒரு சிறிய இயங்குகோப்பு கிடைக்கும். எந்தச் சீரியல் கருவி, என்ன வேகம், எந்தப் போர்ட்டில் இணைய அழைப்புகளுக்குச் செவிசாய்ப்பது ஆகிய மூன்றையும் கட்டளை வரியிலேயே சொல்லிவிடலாம். எதையும் சொல்லாவிட்டால் வேகம் 38400 என்றும் போர்ட் 6400 என்றும் அது எடுத்துக்கொள்ளும். என்ன நடக்கிறது என்பதைப் பதிவு செய்யும் வசதியை மட்டும் தனியே பாராட்ட வேண்டும். மோடம் பக்கத்திலிருந்து வருவது, அங்கே போவது, இணையப் பக்கத்திலிருந்து வருவது, அங்கே போவது என நான்கு திசைகளையும் வேண்டியபடி தனித்தனியாகத் திரையில் காட்டச் சொல்லலாம். பின்னால் சொல்லப்போகும் சிக்கல்களில் பாதியை அந்தப் பதிவுகளை வைத்தே கண்டுபிடித்தேன்.

ராஸ்பெரி பையின் விளிம்பில் இருக்கும் சீரியல் முனைகளை இதற்குப் பயன்படுத்தலாமே என்று சிலர் கேட்கக்கூடும். அவை 3.3 வோல்ட்டில் இயங்குபவை. பழைய சீரியல் போர்ட்டுகளின் தரமான ஆர்எஸ்-232 கம்பிகளின் மின்னழுத்தத்தை அவற்றில் நேராகக் கொடுத்தால் பை கெட்டுவிடும். நடுவில் மின்னழுத்தத்தை மாற்றும் சில்லு ஒன்றை வைத்தாலும், டிடிஆர் (கணினி தயாராக இருப்பதை மோடத்துக்குச் சொல்லும் கம்பி), டிசிடி போன்ற கட்டுப்பாட்டுக் கம்பிகள் அங்கே இல்லை. எனவே யுஎஸ்பி-சீரியல் மாற்றி ஒன்றை வாங்குவதே முறை. எஃப்டிடிஐ சில்லு உள்ள மாற்றியானால், லினக்ஸில் அதன் தாமத அளவு இயல்பாக 16 மில்லிவினாடியாக இருக்கும். அதை 1 ஆகக் குறைத்துவிட்டால், தட்டும் எழுத்து திரையில் தோன்றுவதில் தெளிவான வேறுபாடு தெரிகிறது.

அடுத்தது கேபிள். என் ஏற்பாட்டில் மிக அதிக நாள்களை விழுங்கியது இதுதான்.

பைக்கும் ஒரு கணினியின் முகம், 486க்கும் ஒரு கணினியின் முகம். இரண்டும் நேருக்கு நேர் பேச வேண்டுமானால் நல் மோடம் (null modem) எனப்படும் குறுக்குக் கேபிள் வேண்டும். கணினியாக அமைந்த எந்தச் சீரியல் போர்ட்டும் டிசிடியைக் கேட்க முடியுமே தவிர, அதை இயக்க முடியாது. அதனால் டிசிபிசெர் தன் பக்கத்து டிடிஆர் கம்பியை ஏற்றியும் இறக்கியும், மறுமுனையில் அது டிசிடியாகப் போய்ச்சேரும் என்று எதிர்பார்க்கிறது. அதாவது ஒன்பது முனைச் செருகியில் பையின் நான்காம் முனை, 486இன் முதல் முனையைத் தொட வேண்டும். அதேபோல 486இன் நான்காம் முனை பையின் ஆறாம் முனைக்கு வந்தால்தான், பிபிஎஸ் மென்பொருள் ‘அழைப்பைத் துண்டி’ என்று டிடிஆரை இறக்கும்போது டிசிபிசெருக்கு அது தெரியும். ஏழும் எட்டும் குறுக்காக இணைந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் வேகக் கட்டுப்பாடு நடக்காது.

நான் முதலில் வாங்கிய கேபிளின் உறையில் ‘முழு இணைப்பு’ என்றே அச்சிட்டிருந்தது. செருகியதும் எல்லாம் இயங்கியது. ‘ரிங்’ வந்தது, வரவேற்புத் திரை வந்தது, வெளியூர் நண்பர்கள் இருவர் பதிவு செய்து உள்ளே வந்தார்கள். நான்காம் நாள் இரவு அவர்களில் இளையவர் தொலைபேசியில் அழைத்தார். “அண்ணா, நான் பெயர், கடவுச்சொல் எதுவும் கொடுக்கவில்லை. நேராக உள்ளே வந்துவிட்டேன். இங்கே இருக்கிற கடிதம் எனக்கு வந்தது மாதிரி தெரியவில்லை” என்றார். அவர் பார்த்துக்கொண்டிருந்தது முந்தைய நண்பரின் அஞ்சல் பெட்டி. உடனே கேபிளைப் பிடுங்கிவிட்டு, இருவரிடமும் மன்னிப்புக் கேட்டேன்.

மறுநாள் மல்டிமீட்டரை எடுத்து ஒவ்வொரு முனையாகத் தொட்டுப் பார்த்தேன். இரண்டும் மூன்றும் குறுக்காகச் சென்றன, ஐந்தும் ஐந்தும் இணைந்திருந்தன. மறுமுனை வரை ஓடிய கம்பிகள் அவ்வளவுதான். ஒன்று, நான்கு, ஆறு ஆகிய மூன்றும் அந்தந்தச் செருகிக்குள்ளேயே ஒன்றோடொன்று கட்டப்பட்டிருந்தன. ஏழும் எட்டும் அப்படியே. அதன் பொருள், 486 தன் டிடிஆரை உயர்த்திய மறுகணமே அதே மின்னழுத்தம் அதன் டிசிடிக்குத் திரும்பி வந்து, எதிரில் ஆள் இருப்பதாக எப்போதும் சொல்லிக்கொண்டே இருந்தது என்பதுதான். முதல் நண்பர் விடைபெறாமல் தம் டெர்மினல் சாளரத்தை மூடியிருக்கிறார். டிசிபிசெர் அதை ஒழுங்காகவே கவனித்து டிடிஆரை இறக்கியிருக்கிறது. ஆனால் அந்தச் செய்தியை ஏந்திச் செல்லக் கம்பி இல்லை. ரிமோட் ஆக்சஸ் பட்டியல் திரையிலேயே நின்று விசைக்காகக் காத்திருக்க, அடுத்த அழைப்பின் ‘ரிங்’ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் நண்பர் தட்டிய விசைகளாகவே அதற்குப் போய்ச்சேர்ந்தன. பதிவைப் பார்த்தபோது அந்த நான்கில் முதல் எழுத்தே கடிதம் படிக்கும் பகுதியைத் திறந்திருந்தது தெரிந்தது. தொலைபேசிக் காலத்திலும் டிசிடியைச் சரியாக அமைக்காத பிபிஎஸ்களில் இதே ஆபத்து இருந்தது. ஒன்பது முனைகளையும் நானே சாலிடர் வைத்து முடித்த கேபிளை மாட்டிய பிறகு, எந்த நேரத்தில் எவர் சாளரத்தை மூடினாலும் ஓரிரு வினாடிக்குள் ரிமோட் ஆக்சஸ் ‘கேரியர் இல்லை’ என்று குறித்துக்கொண்டு காத்திருப்புத் திரைக்குத் திரும்பிவிடுகிறது.

அந்த நிகழ்ச்சியில் என் பிழையும் ஒன்று உண்டு. மோடம் தன் அமைப்புகளை எண்களாக வைத்திருக்கும் பதிவேடுகளில் ஒன்றான எஸ்0ஐ 1 என்று வைத்தால், முதல் மணியிலேயே மோடம் தானாக அழைப்பை எடுத்துவிடும். டிசிபிசெரைத் தொடங்கும்போதே அப்படி வைத்துவிட்டேன். பல வழிகாட்டிகளும் அதையே சொல்கின்றன. அதை 0 ஆக்கிவிட்டு, ‘ரிங்’ வந்ததும் ரிமோட் ஆக்சஸே ‘ஏடிஏ’ கட்டளையை அனுப்பி எடுக்கும்படி விடுவதுதான் சரி. மென்பொருள் விழித்திருந்தால் மட்டுமே அழைப்பு எடுக்கப்படும். நள்ளிரவில் கோப்புப் பட்டியல்களைச் சீர்செய்யும் வேலை நடக்கும்போது வருபவர், வெற்றுத் திரையில் மாட்டிக்கொள்ளாமல் யாரும் எடுக்கவில்லை என்ற செய்தியோடு திரும்புவார். எவரும் எடுக்காதபோதும், இணைப்பு வேறொருவரிடம் இருக்கும்போதும் எதிர்முனைக்கு அனுப்ப வேண்டிய வாசகங்களைத் தனித்தனிக் கோப்புகளில் எழுதிவைக்க டிசிபிசெர் இடம் தருகிறது. ஒரே கம்பியில் பிபிஎஸ் நடத்துபவருக்கு இது பெரிய உதவி.

அந்த வாசகத்தைத் தமிழில் எழுதிவைத்துப் பார்த்ததையும் சொல்ல வேண்டும். இந்தக் கோப்பு டாஸ் வழியே போவதில்லை. பையிலிருந்து நேராக அழைப்பவரிடம் போகிறது. எனவே யூனிகோட் டெர்மினலில் ‘வணக்கம்’ என்ற சொல் பிழையில்லாமல் வந்து நின்றது. ஆனால் பிபிஎஸ்களுக்கென்றே எழுதப்பட்ட சிங்க்டெர்ம் போன்ற டெர்மினல்கள், ஐபிஎம் கணினியின் 437ஆம் குறிமுறையையே எதிர்பார்க்கின்றன. அதில் வகரம் ஒன்றே மூன்று பைட்டாகப் பிரிந்து, கிரேக்க ஆல்பா எழுத்தும், இரட்டைக் கோண மேற்கோள் குறியும், ஒரு கட்டக் கோடுமாகத் தோன்றுகிறது. ஏழு குறிகள் கொண்ட ‘வணக்கம்’ 21 விசித்திரச் சின்னங்களாக விரிந்துவிடுகிறது. உள்ளே வருபவர்கள் எல்லாரும் சிங்க்டெர்மில் வருவதால், வருத்தத்தோடு அந்தக் கோப்பை ஆங்கிலத்துக்கு மாற்றினேன்.

கேபிள் சரியான பிறகும், கம்பி வழியே தெரியவராத ஒரு துண்டிப்பு இருக்கிறது. அழைத்தவர் மடிக்கணினியை மூடித் தூங்கவைத்துவிட்டாலோ, அவர் வீட்டு இணைய இணைப்பு அறுந்துவிட்டாலோ, இணைப்பு முடிந்தது என்ற அறிவிப்பு, இணைய இணைப்பைப் பேணும் டிசிபி நெறிமுறை வழியே வராது. நம் பக்கத்துக்கு அந்த இணைப்பு உயிரோடு இருப்பதாகவே தோன்றும். நாம் அனுப்பிய எழுத்துகளுக்கு மறுமொழி வராமல் லினக்ஸ் மனம் தளர்ந்து கைவிட ஏறக்குறைய 15 நிமிடம் ஆகும். எதையும் அனுப்பாமல் இருந்தால் அதுவும் நடக்காது. தொலைபேசி மோடத்துக்கு இத்தகைய மௌனம் தெரியாது, ஏனென்றால் கேரியர் ஒலி ஒன்று ஓயாமல் கேட்டுக்கொண்டே இருந்தது. இதற்கு இரண்டு மருந்துகள். ஒன்று, ரிமோட் ஆக்சஸின் அமைப்பில், விசை தட்டாமல் இருப்பவரை வெளியேற்றும் நேரத்தைக் குறைத்து வைப்பது. நான் மூன்று நிமிடம் வைத்திருக்கிறேன். இரண்டு, டிசிபிசெரிலேயே செயலற்ற நேரத்தை அளக்கும் எஸ்30 பதிவேட்டுக்கு மதிப்புக் கொடுப்பது. அதன் அலகு பத்து வினாடி என்பதை நினைவில் கொண்டு, நீண்ட கடிதத்தை அமைதியாகப் படித்துக்கொண்டிருப்பவர் பாதியில் வெளியே தள்ளப்படாத அளவுக்குத் தாராளமாக வைக்க வேண்டும்.

தொலைவிலுள்ள கணினியோடு எழுத்தில் பேசுவதற்கான டெல்நெட் என்ற நெறிமுறை பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. பிபிஎஸ்களை இன்று ‘டெல்நெட்டில் அழைப்பது’ என்றே எல்லாரும் சொல்கிறார்கள். ஆனால் 1983இல் வரையறுக்கப்பட்ட டெல்நெட் வெறும் குழாய் அன்று. அதில் 255 என்ற மதிப்புள்ள பைட் வந்தால் அடுத்து வருவது கட்டளை என்று பொருள். உண்மையான 255ஐ அனுப்ப வேண்டுமானால் அதை இருமுறை அனுப்ப வேண்டும். மோடத்துக்கு இந்தப் பழக்கம் கிடையாது. 486 அனுப்பும் 255 அதற்கு வெறும் தரவு. எதிர்முனையிலிருந்து வரும் முதல் பைட்டைப் பார்த்து, அது 255 ஆக இருந்தால் டெல்நெட் என்றும் இல்லாவிட்டால் நேரடி இணைப்பு என்றும் டிசிபிசெர் முடிவு செய்துகொள்கிறது. பெரும்பாலும் இது சரியாகவே அமைகிறது. லினக்ஸின் சாதாரண டெல்நெட் கட்டளையில் மட்டும் ஒரு சிக்கல் உண்டு: 23ஆம் போர்ட் அல்லாத வேறெந்தப் போர்ட்டுக்கு அழைத்தாலும் அது தானாக முன்வந்து பேச்சைத் தொடங்குவதில்லை. இரு தரப்பும் மௌனமாக இருக்க, யார் எழுத்துகளை எதிரொலிப்பது என்பது பேசி முடிக்கப்படாமலே போகிறது. விளைவாக, அழைப்பவர் தட்டும் பெயர் திரையில் இரண்டு முறை விழுகிறது. அழைப்பவர்கள் சிங்க்டெர்மில் ‘ரா’ என்ற நேரடி முறையைத் தேர்ந்தெடுத்தால் இந்தச் சிக்கல் அடியோடு மறைகிறது. எட்டு பிட்டும் மாறாமல் செல்வதால் கோப்புப் பரிமாற்றமும் கெடுவதில்லை. என் நண்பர்களுக்கு அனுப்பும் குறிப்பில் இதைத்தான் முதல் வரியாக எழுதுகிறேன்.

வேகத்தைப் பற்றி எதிர்பார்ப்புகள் அளவோடு இருக்கட்டும். 38400 என்றால் வினாடிக்கு 3840 பைட். என் 486இல் முதலில் இருந்த சீரியல் அட்டையின் சில்லு ஒரு நேரத்தில் ஒரே பைட்டை மட்டும் தாங்கக்கூடிய பழைய வகை; அந்த வேகத்தில் எழுத்துகள் தவறிப்போயின. 16 பைட்டைத் தாங்கும் 16550ஏ சில்லு உள்ள அட்டையை மாட்டிய பிறகு ஒன்றுகூடத் தவறவில்லை. ஃபாசில் இயக்கியிலும் ரிமோட் ஆக்சஸிலும் வேகத்தை 38400 என்று பூட்டிவைத்து, ‘கனெக்ட்’ வாசகமும் அதே எண்ணோடு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோப்புகளை இறக்குவதில் எந்த நெறிமுறையைத் தேர்ந்தெடுக்கிறோம் என்பது தொலைபேசிக் காலத்தைவிட இன்று அதிகம் பொருட்படுத்த வேண்டியதாகிவிட்டது. 1977இல் கிறிஸ்டென்சன் உருவாக்கிய எக்ஸ்மோடம் 128 பைட்டை அனுப்பிவிட்டு, சரி என்ற பதில் வரும்வரை கைகட்டி நிற்கும். தொலைபேசிக் கம்பியில் அந்தக் காத்திருப்பு சிறிது. இணையத்தில், அதிலும் என்னுடையதைப்போல இடையில் ஒரு சுற்றுப்பாதை இருந்தால், போய்வர 200 மில்லிவினாடி ஆகிவிடுகிறது. கணக்குப் பார்த்தால் வினாடிக்கு 550 பைட்கூடத் தேறாது. 360 கேபி நெகிழ்வட்டு அளவுள்ள கோப்புக்குப் பதினொரு நிமிடம். சக் ஃபோர்ஸ்பெர்க் 1986இல் எழுதிய இசட்மோடம் பதிலுக்காக நிற்காமல் அனுப்பிக்கொண்டே போவதால், அதே கோப்பு இரண்டு நிமிடத்துக்குள் முடிகிறது. எக்ஸ்மோடத்தைப் பட்டியலில் வைத்திருக்கிறேன். ஆனால் இயல்பான தேர்வு இசட்மோடம்தான்.

அந்தச் சுற்றுப்பாதை ஏன் வந்தது என்றால், நம் ஊரில் வீட்டு இணைப்புகள் பலவற்றுக்குப் பொதுவெளியில் தெரியும் முகவரி கிடைப்பதில்லை. என் ரூட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையிலான வரம்பில் இருந்தது. இணைய நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுப்பதற்கென்று ஒதுக்கப்பட்ட வரம்பு அது. ரூட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்துவைத்தாலும் வெளியிலிருந்து அழைப்பு வராது. மாத வாடகைக்கு ஒரு சிறிய மெய்நிகர் வழங்கியை எடுத்து, பையிலிருந்து அதற்கு எஸ்எஸ்எச் பின்னோக்கிய சுரங்கம் ஒன்று அமைத்தேன். அழைப்பவர் வழங்கியைத் தொடுகிறார். சுரங்கம் அவரைப் பை வரை கொண்டுவந்து சேர்க்கிறது. இதில் ஒரு பக்கவிளைவு உண்டு. டிசிபிசெருக்கு எல்லா அழைப்புகளும் பைக்குள்ளிருந்தே வருவதாகத் தோன்றுவதால், தொல்லை தருபவரை முகவரி பார்த்துத் தடுக்கும் வேலையை வழங்கியில்தான் செய்ய வேண்டும்.

தொல்லை தருபவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள். முதல் வாரம் மரபுப்படி 23ஆம் போர்ட்டில்தான் வைத்திருந்தேன். ஒரு மணி நேரத்துக்குள் ‘ரூட்’ என்ற பெயரில் யாரோ உள்ளே வர முயன்றார்கள், பிறகு ‘அட்மின்’, பிறகு மீண்டும் ‘ரூட்’. 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரலும் அதன் வழித்தோன்றல்களும் இணையம் முழுவதும் திறந்திருக்கும் டெல்நெட் போர்ட்டுகளைத் தட்டி, ஆலையிலிருந்து வந்தபடியே மாற்றப்படாத கடவுச்சொற்களை முயன்று பார்க்கின்றன. 486இல் அவற்றால் எதையும் செய்துவிட முடியாது. ஆனால் ஒரே ஒரு கம்பி உள்ள பிபிஎஸ்ஸில், இயந்திரம் ஒன்று பெயர் கேட்கும் திரையில் நின்றுகொண்டிருக்கும்போது மனிதர் உள்ளே வர முடியாது. போர்ட்டை மாற்றுங்கள், ஆனால் 2323க்கு மாற்றாதீர்கள், மிராய் அதையும் தட்டிப் பார்க்கும். டிசிபிசெரின் இயல்பான 6400க்கு மாறிய பிறகு இந்த அழைப்புகள் வாரத்துக்கு ஓரிரண்டாகக் குறைந்துவிட்டன. இணைப்பில் மறையாக்கம் எதுவும் இல்லை என்பதால், வேறெங்கும் பயன்படுத்தாத கடவுச்சொல்லை வைக்கும்படி வரவேற்புத் திரையிலேயே எழுதியிருக்கிறேன்.

மாற்று வழிகளைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழைய கணினி இல்லாதவர்களுக்கு, புதிய கணினிக்குள்ளேயே ஒரு டாஸ் கணினியைப் போலச்செய்யும் டாஸ்பாக்ஸ் என்ற நிரல் போதும். அதன் அமைப்புக் கோப்பில் சீரியல் போர்ட்டை மோடம் என்று எழுதிவிட்டால் கேபிளும் வேண்டாம், மல்டிமீட்டரும் வேண்டாம். டிசிடி உள்ளேயே சரியாக நடந்துகொள்கிறது. டெல்நெட் முறைக்கு மாற ‘ஏடி+நெட்1’ என்ற கட்டளையை மோடத் தொடக்க வாசகத்தில் சேர்த்துக்கொள்ள வேண்டும். டர்போ பாஸ்கலில் எழுதப்பட்ட நிரல்கள் சில, வேகமான கணினியில் ‘ரன்டைம் எரர் 200’ என்று நின்றுபோகும். அவற்றுக்குச் சுழற்சி வேகத்தைக் குறைத்து வைத்தால் சரியாகிவிடும். விண்டோஸில் நெட்ஃபாஸ் என்ற ஃபாசில் இயக்கி இருக்கிறது. போலி மோடம் ஒன்றை நடுவில் வைக்காமலே டெல்நெட்டை நேராக ஃபாசிலோடு இணைக்கும் அழகான வடிவமைப்பு அது. ஆனால் 16 பிட் நிரல்களை இயக்கும் 32 பிட் விண்டோஸ் அதற்கு வேண்டும். விண்டோஸ் 11இல் அப்படியொரு பதிப்பே இல்லை. இஎஸ்பி8266 சில்லில் இயங்கும் வைஃபை மோடங்களும் நல்லவையே. போ ஸிம்மர்மேன் எழுதிய ஸிமோடம் என்ற நிரல் உள்ள ஒன்றை இரண்டு வாரம் வைத்திருந்தேன். வெளியே அழைப்பதற்கு அதைவிட வசதியானது இல்லை. அழைப்பை ஏற்பதற்கு வாங்குவதானால், அட்டையில் டிசிடியும் டிடிஆரும் உண்மையில் செருகிவரை கொண்டுவரப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டுப் பாருங்கள். மிக மலிவான அட்டைகளில் அனுப்பும் கம்பியும் பெறும் கம்பியும் மட்டுமே இருக்கின்றன. அப்படிப்பட்டதில் பிபிஎஸ் நடத்தக் கூடாது.

டிசிபிசெரில் எனக்குக் குறையாகப் படுவது அதன் ஆவணம்தான். தேர்வுகள் எல்லாம் வரிசையாகச் சொல்லப்பட்டிருந்தாலும், பிபிஎஸ் நடத்துபவருக்கு எவை இன்றியமையாதவை, எவை வெறும் வசதி என்று புதியவருக்குப் புரியும்படி பிரித்துக் காட்டவில்லை. நிரலைப் பொறுத்தவரை, இந்த எட்டு மாதத்தில் அதை நானாக நிறுத்தித் தொடங்கிய தருணங்கள் கேபிளை மாற்றியபோதும் மின்சாரம் போனபோதும் மட்டுமே.

ஒரே இயக்கத்தில் இரண்டு சீரியல் போர்ட்டுகளை அதனிடம் ஒப்படைத்துவிட்டு, வரும் அழைப்பை எது ஓய்வாக இருக்கிறதோ அதற்கு அனுப்பச் சொல்ல முடியும். 486இன் இரண்டாம் சீரியல் போர்ட்டைத் திறந்து, டாஸில் பல நிரல்களை ஒரே நேரத்தில் ஓடவிடும் டெஸ்க்வியூவின் கீழ், இன்னோர் அழைப்பாளருக்கென ரிமோட் ஆக்சஸின் இரண்டாம் கணுவை ஓடவிடும் வேலையில் இப்போது இருக்கிறேன். அதற்கான கேபிளைச் சென்ற வாரம் முடித்தேன். செருகுவதற்கு முன் ஒன்பது முனைகளையும் மல்டிமீட்டரால் தொட்டு, எது எதைச் சேர்கிறது என்று ஒரு தாளில் எழுதி, கேபிளிலேயே சுற்றி ஒட்டிவைத்திருக்கிறேன்.